ஒரு வரி கோட் எங்கிருந்து வந்தது? கிட் வரலாற்றில் பின்னோக்கிப் போகும் வழி

அடுத்தவர் எழுதிய நிரலில் வேலை செய்ய ஆரம்பித்தவர்களுக்கு எப்படியும் ஒரு வரி வந்து மாட்டும். எதற்காக இருக்கிறது என்று தெரியாது. எடுத்துவிட்டால் எது உடையும் என்றும் தெரியாது. பக்கத்தில் கமென்ட் இருக்காது. இருந்தால் ‘இதைத் தொட வேண்டாம்’ என்று மட்டும் இருக்கும். டீமில் கேட்டால் “நான் வர்றதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு” என்பார்கள்.

அந்த வரி எப்போது, எந்த வேலையின் பகுதியாக வந்தது என்ற விவரம் பெரும்பாலும் உங்கள் கணினியிலேயே, ரெப்போவுக்குள் கிடக்கிறது. தோண்டி எடுக்கத் தெரிந்தால் போதும். கமிட், பிரான்ச், மெர்ஜ் என்றால் என்ன என்று தெரிந்தவர்களை மனதில் வைத்து, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியைக் கொண்டு இதை விளக்குகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஹைஃபனுக்குப் பின் வரும் ஒற்றை எழுத்து பெரிதா சிறிதா என்பது கிட்டுக்கு முக்கியம் என்பதால், அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வரியை வைத்துக்கொள்வோம். ‘அப்லோட்.பை’ என்ற பைத்தான் ஃபைல். அதில் 122ஆம் வரி:

டைம்.ஸ்லீப்(4.5)

ஒவ்வொரு ஃபைலையும் சர்வருக்கு அனுப்புவதற்கு முன் நிரல் நாலரை நொடி சும்மா நிற்கிறது. பயன்படுத்துகிறவர்கள் ‘ரொம்ப ஸ்லோ’ என்று புகார் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா? ஏன் 4.5? 4 இல்லை, 5 இல்லை, அது என்ன நாலரை?

முதலில் வரலாறு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் இறங்கினால் வீணாக அலைய வேண்டியிருக்கும். பெரிய ரெப்போக்களைச் சீக்கிரம் இறக்க வேண்டும் என்று பலர் ‘--டெப்த் 1’ கொடுத்து குளோன் செய்திருப்பார்கள். தானியங்கி பில்டு மெஷின்களிலும் இப்படி ஆழமில்லாத குளோன்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் கடைசி கமிட் மட்டும்தான் இருக்கிறது, பழையது எதுவும் இல்லை. அங்கே நின்றுகொண்டு தேடினால், மொத்த ஃபைலையும் ஒரே ஆள் ஒரே நாளில் எழுதியது போலத் தெரியும்.

கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெப்பாசிட்டரி

‘ட்ரூ’ என்று வந்தால் வரலாறு பாதிதான் இருக்கிறது. ‘கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ’ கொடுத்து மீதியையும் இறக்கிக்கொள்ளுங்கள். ‘ஃபால்ஸ்’ என்றால் சரி, மேலே போகலாம்.

பிளேம்: கடைசியாகத் தொட்டது யார்

கிட் பிளேம் -எல் 118,126 அப்லோட்.பை

இங்கே எல் பெரிய எழுத்து. எந்த வரியிலிருந்து எந்த வரி வரை வேண்டும் என்பது அதன் பொருள். ‘118,+9’ என்று கொடுத்தால் 118இல் தொடங்கி 9 வரிகள். இதைக் கொடுக்காவிட்டால் முழு ஃபைலும் வந்து கொட்டும். ஒரு வரியை மட்டும் கேட்காமல் சுற்றியுள்ள நாலைந்து வரிகளையும் சேர்த்துக் கேளுங்கள். அக்கம்பக்கத்து வரிகள் எல்லாம் ஒரே கமிட்டில் வந்திருக்க, உங்கள் வரி மட்டும் வேறு கமிட்டில் வந்திருந்தால், அது பிறகு செருகப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வரும் பதிலில் இடது ஓரம் கமிட்டின் ஹாஷ் (அதன் அடையாள எண்), பிறகு எழுதியவர் பெயர், தேதி, வரி எண், கடைசியில் வரி. ஹாஷ் முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தால் அது நீங்களே மாற்றி இன்னும் கமிட் செய்யாத வரி. ஹாஷுக்கு முன்னால் ‘^’ குறி இருந்தால், வரலாறு அந்த இடத்தோடு முடிகிறது, அதற்குப் பின்னால் கிட்டுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். நிறைய வரிகளில் இந்தக் குறி வந்தால் மேலே சொன்ன ஆழமில்லாத குளோன்தானா என்று மறுபடி பாருங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பிளேம் காட்டுகிற பெயர் அந்த வரியை உண்டாக்கியவருடையது அல்ல, கடைசியாகத் தொட்டவருடையது. ஓரத்தில் ஒரு இடைவெளியைச் சேர்த்தவரும் தொட்டவர்தான். பெயரைப் பார்த்த உடனே அவருக்கு மெசேஜ் அனுப்பினால், “நான் ஃபார்மேட்டர் ஓட்டினேன், அவ்வளவுதான்” என்று பதில் வரும். (நிரலின் இடைவெளி, மேற்கோள் போன்றவற்றைத் தானாகச் சீராக்கும் கருவிதான் ஃபார்மேட்டர்.) பிளேமின் பதிலைத் தேடலின் முதல் படியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 122ஆம் வரிக்கு எதிரே 73910462 என்ற ஹாஷ் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கமிட்டைத் திறந்து படியுங்கள்

கிட் ஷோ --ஸ்டாட் 73910462

‘--ஸ்டாட்’ கொடுத்தால் முழு டிஃப்பும், அதாவது சேர்ந்த வரிகளும் நீங்கிய வரிகளும், வராது. எந்தெந்த ஃபைல்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை வரிகள் மாறின என்ற பட்டியல் மட்டும் வரும். முதலில் இதைப் பார்ப்பது நல்ல பழக்கம். 200 ஃபைல்கள் மாறியிருந்தால் அது பெரும்பாலும் ஃபார்மேட்டர், லைசென்ஸ் மாற்றம், பெயர் மாற்றம் மாதிரியான மொத்த வேலை. மூன்று ஃபைல்கள் மாறியிருந்தால் யாரோ யோசித்துச் செய்த வேலை. அங்கேதான் காரணம் இருக்கும்.

சின்ன கமிட் என்றால் ‘--ஸ்டாட்’டை எடுத்துவிட்டு முழு டிஃப்பையும் படியுங்கள். உங்கள் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கூடவே ஒரு டெஸ்ட் ஃபைல் மாறியிருக்கிறதா? அந்த டெஸ்ட்டின் பெயர் பல சமயம் கமிட் மெசேஜை விடத் தெளிவாகக் காரணத்தைச் சொல்லிவிடும். கான்ஃபிக் ஃபைலில் ஏதாவது எண் மாறியிருக்கிறதா? மெசேஜில் டிக்கெட் எண் இருக்கிறதா?

தேதியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு கமிட்டுக்குள் இரண்டு தேதிகள் உண்டு: எழுதிய தேதி, கமிட் ஆன தேதி. ரீபேஸ் செய்தாலோ (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது), வேறொருவர் எடுத்துப் போட்டாலோ இரண்டும் வேறுபடும். ‘கிட் ஷோ’ வழக்கமாகக் காட்டுவது எழுதிய தேதி. ‘--ஃபார்மேட்=ஃபுல்லர்’ என்று சேர்த்தால் இரண்டு தேதிகளும் இரண்டு பெயர்களும் வரும். ‘மார்ச்சில் எழுதியது மே மாதம்தான் உள்ளே வந்தது’ என்பது போன்ற விஷயங்கள் அதில் தெரியும்.

ஃபார்மேட்டரைத் தாண்டிப் போவது

73910462-ஐத் திறந்தால் 214 ஃபைல்கள். மெசேஜ் ‘டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆக்கப்பட்டது’. நமக்கு இதனால் பயனில்லை. இதைத் தாண்ட வேண்டும்.

கிட் பிளேம் -டபிள்யூ -எல் 118,126 அப்லோட்.பை

சின்ன எழுத்து டபிள்யூ. இடைவெளி மாற்றங்களைக் கண்டுகொள்ளாதே என்று இது பிளேமுக்குச் சொல்கிறது. உள்தள்ளல் மட்டும் மாறிய கமிட்கள் இதிலேயே கழிந்துவிடும். நான் இதை எப்போதும் போட்டுத்தான் ஓட்டுவேன், போடாமல் இருப்பதால் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

ஃபார்மேட்டர் ஒற்றை மேற்கோளை இரட்டை மேற்கோளாக மாற்றியிருந்தால் -டபிள்யூ உதவாது, ஏனென்றால் அங்கே மாறியது இடைவெளி இல்லை. அதற்கு ‘--இக்னோர்-ரெவ் 73910462’ என்று கொடுத்து அந்தக் கமிட்டையே ஒதுக்கச் சொல்லலாம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23இலிருந்து இந்த வசதி இருக்கிறது. இப்படிப்பட்ட கமிட்கள் நிறைய இருந்தால், அவற்றின் முழு ஹாஷ்களை ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி ரெப்போவிலேயே வைத்துவிடலாம். ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற பெயரில் ரெப்போவின் மேல் ஃபோல்டரில் வைத்தால் கிட்ஹப் தானாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் உள்ள கிட் அப்படி எடுக்காது. ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும்:

கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்

ஒதுக்கிய கமிட்டுக்குப் பின்னால் எந்த வரி எதற்குச் சமம் என்பதை கிட் ஊகித்துத்தான் சொல்கிறது. வரிகள் ரொம்பக் கலைந்திருந்தால் ஊகம் தப்பும். பதில் விசித்திரமாகத் தெரிந்தால் இதையும் ஒரு காரணமாக யோசியுங்கள்.

வேறு ஃபைலிலிருந்து வந்த வரி

-டபிள்யூ போட்ட பிறகு 122ஆம் வரிக்கு எதிரே 20586613 வருகிறது. திறந்து பார்த்தால் மெசேஜ் ‘நெட்வொர்க்.பை பெரிதாகிவிட்டது, அப்லோட் பகுதி தனி ஃபைலாகப் பிரிக்கப்பட்டது’. அதாவது இந்த வரி இங்கே பிறக்கவில்லை, வேறு ஃபைலிலிருந்து குடிவந்திருக்கிறது.

ஃபைலின் பெயர் மாறியது என்பதை கிட் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் அந்த நேரத்து முழு நிலையைத்தான் சேமிக்கிறது. நீங்கள் கேட்கும்போது பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் ‘இது பெயர் மாறிய ஃபைல்’ என்று சொல்கிறது. முழு ஃபைலும் பெயர் மாறியிருந்தால் பிளேம் தானாகவே பின்தொடரும். ‘கிட் லாக்’ அப்படிச் செய்யாது, அதற்கு ‘--ஃபாலோ’ கொடுக்க வேண்டும். நம் கதையில் ஃபைலின் ஒரு துண்டு மட்டும்தான் பிரிந்து வந்தது. அதற்கு வேறு வழி:

கிட் பிளேம் -டபிள்யூ -சி -எல் 118,126 அப்லோட்.பை

பெரிய எழுத்து சி. அந்தக் கமிட்டில் மாறிய மற்ற ஃபைல்களிலும் இந்த வரிகள் இருந்தனவா என்று தேடும். ‘-சி -சி’ என்று இரண்டு முறை கொடுத்தால், ஃபைல் முதன்முதலில் உருவான கமிட்டில் அப்போதிருந்த எல்லா ஃபைல்களையும் பார்க்கும். மூன்று முறை கொடுத்தால் எல்லாக் கமிட்டிலும் எல்லா ஃபைலையும் பார்க்கும். பெரிய ரெப்போவில் அதை ஓட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். ஒரே ஃபைலுக்குள் மேலும் கீழும் நகர்ந்த வரிகள் மட்டும் போதும் என்றால் பெரிய எழுத்து எம்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. நகர்ந்த துண்டில் குறைந்தது 40 எழுத்தோ எண்ணோ இருந்தால்தான் -சி அதை நகர்வு என்று ஏற்கும் (எம்முக்கு 20). ‘ஸ்லீப்(4.5)’ தனியாக நகர்ந்திருந்தால் கண்டுபிடித்திருக்காது. முழு ஃபங்ஷனும் சேர்ந்து வந்ததால் மாட்டியது. வரம்பைக் குறைக்க வேண்டும் என்றால் ‘-சி20’ என்று எண்ணை ஒட்டி எழுதலாம். அதிகம் குறைத்தால் சம்பந்தமில்லாத ‘ரிட்டர்ன்’ வரிகளெல்லாம் உறவு கொண்டாடிக்கொண்டு வரும்.

ஒரு படி பின்னால்

இப்போது பிளேம் மூன்றாவது கமிட்டைக் காட்டுகிறது: 51140927. டிஃப்பில் ‘ஸ்லீப்(4)’ என்பது ‘ஸ்லீப்(4.5)’ ஆகியிருக்கிறது. மெசேஜ் ‘இரவு ஓடும் டெஸ்ட் சில சமயம் ஃபெயில் ஆகிறது, கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்’. அரை நொடிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நாலு நொடிக்கு இன்னும் இல்லை.

இங்கிருந்து இன்னும் பின்னால் போக, அந்தக் கமிட்டுக்கு முந்தைய நிலையில் பிளேம் ஓட்ட வேண்டும்:

கிட் பிளேம் -டபிள்யூ -சி 51140927^ -- நெட்வொர்க்.பை

ஹாஷுக்குப் பின் வரும் ‘^’ என்பது ‘இதற்கு முந்தைய கமிட்’. விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் இருப்பதால் அங்கே ‘~1’ என்று எழுதுங்கள், இரண்டும் ஒன்றுதான். ஃபைலின் பெயர் மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் காலத்தில் அப்லோட்.பை என்ற ஃபைலே கிடையாது. வரி எண்ணும் இப்போதுள்ள 122 ஆக இருக்காது, அதனால்தான் -எல் கொடுக்கவில்லை.

இப்படி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போகலாம். கிட்ஹப்பின் பிளேம் பக்கத்திலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ‘இதற்கு முன்’ போக ஒரு பட்டன் இருக்கிறது. டெர்மினலிலேயே இருக்க விரும்புகிறவர்கள் ‘டிக்’ என்ற கருவியின் பிளேம் பார்வையைப் பழகிக்கொள்ளலாம். எடிட்டருக்குள் வேண்டும் என்றால் விஎஸ் கோடில் கிட்லென்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் உண்டு, ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் அனோடேட் என்ற மெனு உண்டு. எல்லாம் உள்ளே செய்வது இதே வேலையைத்தான்.

நேராகப் பிறந்த இடத்துக்குத் தாவுவது

படிப்படியாக இறங்க நேரமில்லை என்றால் எழுத்துத் தொடரைக் கொடுத்துத் தேடலாம். எனக்குப் பிடித்த கட்டளை இதுதான்; பிளேமை விட இதைத்தான் அதிகம் ஓட்டுகிறேன்.

கிட் லாக் -எஸ் 'ஸ்லீப்(4' --ஒன்லைன் --ரிவர்ஸ்

பெரிய எழுத்து எஸ். எந்தக் கமிட்டில் ஒரு ஃபைலுக்குள் இந்தத் தொடரின் எண்ணிக்கை கூடியதோ குறைந்ததோ, அந்தக் கமிட்களை மட்டும் இது பட்டியலிடும். ‘--ரிவர்ஸ்’ கொடுத்திருப்பதால் மிகப் பழையது முதலில் வரும். ஃபைல் பெயர் எதுவும் கொடுக்கவில்லை என்பது முக்கியம், கொடுத்திருந்தால் நெட்வொர்க்.பை-இல் நடந்தது தெரியாமல் போயிருக்கும்.

நம் கதையில் இதற்கு இரண்டே கமிட்கள் வரும்: வரி முதலில் பிறந்தது, ஃபைல் பிரிந்தது. 4 என்பது 4.5 ஆன கமிட் வராது. ஏனென்றால் ‘ஸ்லீப்(4’ என்ற தொடர் அதற்கு முன்னும் ஒன்று, பின்னும் ஒன்று, எண்ணிக்கை மாறவில்லை. டேப்பை ஸ்பேஸ் ஆக்கிய கமிட்டும் அதே காரணத்தால் வராது. குப்பையைத் தானே வடிகட்டித் தருவது இதன் பெரிய பலம். ஒரு மாற்றத்தைக் காட்டாமல் விட்டுவிடுவதும் இதே குணத்தால்தான்.

விட்டுப்போனதும் வேண்டும் என்றால் பெரிய எழுத்து ஜி:

கிட் லாக் -ஜி 'ஸ்லீப்\(4' --ஒன்லைன்

இது எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. டிஃப்பில் சேர்ந்த வரியிலோ நீங்கிய வரியிலோ இந்த வடிவம் இருந்தாலே காட்டும். அதனால் நான்கு கமிட்களும் வரும். இங்கே கொடுப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) என்பதால் அடைப்புக்குறிக்கு முன் பின்சாய்வு போட்டிருக்கிறேன். -எஸ்ஸில் அது தேவையில்லை, அது எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

தேடும் தொடரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. வரி முழுவதையும் கொடுக்காதீர்கள், மாறக்கூடிய பகுதிகள் அதில் இருக்கும். ‘ஐ’, ‘டேட்டா’ மாதிரி எங்கும் இருக்கிற பெயரையும் கொடுக்காதீர்கள். பிழைச் செய்தி, விநோதமான எண், வேறெங்கும் வராத ஃபங்ஷன் பெயர் ஆகியவை நல்ல தூண்டில். மெயின் பிரான்ச்சில் கிடைக்காவிட்டால் ‘--ஆல்’ சேர்த்து எல்லா பிரான்ச்சிலும் தேடுங்கள். சின்ன எழுத்து பி சேர்த்தால் டிஃப்பும் கூடவே வரும்.

ஒரு வரி எப்படியெல்லாம் மாறி வந்தது என்று கதைபோலப் படிக்க வேண்டுமா? இதை ஓட்டுங்கள்:

கிட் லாக் -எல் 118,126:அப்லோட்.பை

அந்த வரிகளைத் தொட்ட ஒவ்வொரு கமிட்டும் அந்தத் துண்டின் டிஃப்போடு புதியதிலிருந்து பழையதுக்கு வரிசையாக வரும். வரி எண்ணுக்குப் பதில் ‘:ஃபங்ஷன்பெயர்:அப்லோட்.பை’ என்றும் கொடுக்கலாம். பைத்தானில் கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன் உள்தள்ளி இருப்பதால் கிட்டின் சாதாரணக் கணிப்புக்கு அது தெரியாது, ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் ‘*.பை டிஃப்=பைத்தான்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் கண்டுபிடிக்கும். நம் கதையில் இந்தக் கட்டளை ஃபைல் பிரிந்த கமிட்டோடு நின்றுவிடும், பழைய நெட்வொர்க்.பை-க்குள் போகாது. அங்கே மறுபடி -எஸ்தான் கைகொடுக்கும்.

நாலு நொடியின் கதை

-எஸ் பட்டியலில் முதலில் நிற்கும் கமிட்டைத் திறக்கிறோம். மூன்று ஃபைல்கள். நெட்வொர்க்.பை-இல் ‘ஸ்லீப்(4)’. ஒரு டெஸ்ட் ஃபைல், அதன் பெயரில் ‘ரேட்_லிமிட்’ என்று இருக்கிறது. மெசேஜ்: ‘அப்லோட் சர்வர் நிமிடத்துக்கு 15 கோரிக்கைதான் ஏற்கிறது. தாண்டினால் 429 வருகிறது.’ 60-ஐ 15-ஆல் வகுத்தால் 4. வந்துவிட்டது காரணம். 429 என்பது ‘கோரிக்கைகள் அதிகம்’ என்று சர்வர் சொல்லும் எச்டிடிபி எண். இரவு டெஸ்ட் ஃபெயில் ஆனதும் ஏன் என்று இப்போது ஊகிக்கலாம்: சரியாக 4 நொடி விட்டால் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறோம், கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் 16ஆவது கோரிக்கை உள்ளே விழுந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வியும் இப்போது மாறிவிட்டது. ‘இந்த வரியை எடுக்கலாமா’ என்பதை விட்டுவிட்டு, ‘அந்த சர்வரில் இன்னும் நிமிடத்துக்கு 15தானா’ என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் ரெப்போவில் இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் இருக்கிறது.

எப்படி உள்ளே வந்தது, எந்த வெளியீட்டில் வந்தது

கமிட் மெசேஜில் ஒன்றுமே இல்லை, ‘ஃபிக்ஸ்’ என்று மட்டும் இருக்கிறது என்றால் அது வந்த புல் ரிக்வஸ்ட்டைத் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) தேடுங்கள். பேச்சு எல்லாம் அங்கேதான் நடந்திருக்கும். ஸ்குவாஷ் செய்து, அதாவது பல கமிட்களை ஒன்றாக்கி, சேர்க்கும் டீம்களில் மெசேஜின் முதல் வரிக் கடைசியில் ‘(#482)’ மாதிரி எண் பெரும்பாலும் இருக்கும், வேலை சுலபம். மெர்ஜ் கமிட் போடும் டீம் என்றால்:

கிட் லாக் --மெர்ஜஸ் --ஆன்செஸ்ட்ரி-பாத் --ஒன்லைன் ஹாஷ்..மெயின்

பட்டியலில் கடைசியாக வருவது பெரும்பாலும் நீங்கள் தேடும் மெர்ஜ்.

எந்த வெளியீட்டிலிருந்து இந்த வரி இருக்கிறது என்று அறிய ‘கிட் டேக் --கன்டெய்ன்ஸ் ஹாஷ்’. பாதுகாப்பு ஓட்டைகள் விஷயத்தில் இந்தக் கேள்விதான் உயிர்நாடி. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் ரெப்போவுக்குள் வந்தது 2011 டிசம்பர் 31. வெளியீடாக வந்தது 2012 மார்ச்சில், 1.0.1 பதிப்பில். உலகத்துக்குத் தெரிந்தது 2014 ஏப்ரல் 7. வரி பிறந்த கமிட் தெரிந்தவுடன், எந்தெந்தப் பதிப்புகளுக்கு ஆபத்து, எதற்கு இல்லை என்று கோடு போட்டுப் பிரிக்க முடிகிறது: 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, அதற்கு முந்தைய 1.0.0 வரிசைக்கு இல்லை. இந்தக் கட்டளை ஹாஷை வைத்துத்தான் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். செர்ரி-பிக் செய்து, அதாவது அந்தக் கமிட்டை மட்டும் நகலெடுத்து, பழைய பிரான்ச்சில் போட்டிருந்தால் அங்கே ஹாஷ் வேறு, பட்டியலில் வராது. செர்ரி-பிக் செய்யும்போது சின்ன எழுத்து எக்ஸ் கொடுத்தால் மூல ஹாஷ் மெசேஜில் பதிவாகிவிடும்; அப்படிச் செய்யும் டீமில் ‘கிட் லாக் --ஆல் --கிரெப்=ஹாஷ்’ என்று தேடி நகல்களையும் பிடிக்கலாம். முழு ஹாஷ் பதிவாகியிருக்கும், அதன் முன்பகுதியைக் கொடுத்தால் போதும்.

தேடல் முட்டி நிற்கும் இடங்கள்

மெர்ஜில் பிறந்த வரி. இரண்டு பிரான்ச்சை மெர்ஜ் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் வந்து, அதைத் தீர்த்தவர் கையோடு ஒரு புது வரியையும் எழுதியிருப்பார். ‘கிட் லாக்’ சாதாரணமாக மெர்ஜ் கமிட்களின் டிஃப்பைப் பார்ப்பதில்லை, எனவே -எஸ்ஸுக்கும் அது தெரியாது. சின்ன எழுத்து எம் சேர்த்து ஓட்டினால் மெர்ஜ்களையும் பார்க்கும். தேடிய வரி கண் முன்னே இருக்க, -எஸ் ‘ஒன்றுமில்லை’ என்று கைவிரித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அழிக்கப்பட்ட வரி. இப்போது இல்லாத வரிக்கு பிளேம் ஓட்ட முடியாது. -எஸ் முடியும், அழிந்தபோதும் எண்ணிக்கை மாறுகிறதே. ஃபைலே அழிந்துபோயிருந்தால் ‘கிட் லாக் --ஆல் -- பழைய/ஃபைல்.பை’ என்று, நடுவில் இரண்டு ஹைஃபன் வைத்து இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. லினக்ஸ் கெர்னலில் பழைய வரிகளுக்கு பிளேம் ஓட்டினால் பலவும் 2005 ஏப்ரலில் வந்த ஒரே கமிட்டில் போய் நிற்கும்: 2.6.12-ஆர்சி2. கிட்டுக்கு மாறியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் பழைய வரலாற்றைக் கொண்டுவராமல் அந்த நிலையை அப்படியே முதல் கமிட்டாகப் போட்டார். பழைய வரலாறு இருக்கத்தான் செய்கிறது, இப்போதைக்கு அதற்கு மெனக்கெடவில்லை என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறார். அதற்கு முன் பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற கருவியின் காலத்து வரலாறு தனி ரெப்போவாகக் கிடைக்கிறது. ‘கிட் ரிப்ளேஸ்’ கொண்டு இரண்டையும் உங்கள் கணினியில் ஒட்டிப் பார்க்கலாம். உங்கள் டீமின் ரெப்போவிலும் முதல் கமிட் ‘இம்போர்ட்’ என்று ஆரம்பித்தால், பழைய சப்வெர்ஷன் சர்வர் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே ‘எஸ்விஎன் பிளேம்’, மெர்க்குரியல் என்றால் ‘எச்ஜி அனோடேட்’. யோசிக்கும் முறை இதேதான்.

எந்த வரி என்றே தெரியாது, போன மாதம் ஓடியது இன்று ஓடவில்லை என்பது மட்டும் தெரியும் என்றால் இந்தக் கருவிகள் எதுவும் வேண்டாம். எந்தக் கமிட்டில் உடைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ பக்கம் போங்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எழுதியவரிடம் கேட்பது

மெசேஜ், டிக்கெட், ரிவியூ எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை என்றால் ஆளைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் “இந்த லைன் நீங்கதானே எழுதினீங்க, ஏன்?” என்று கேட்டால் குற்றப்பத்திரிகை போல இருக்கும். நாலு வருடத்துக்கு முன் எழுதியது அவருக்கும் மறந்திருக்கும். நினைவைத் தூண்டும் விதமாக, நீங்கள் பார்த்ததையும் சேர்த்து எழுதுங்கள்:

“வணக்கம். அப்லோட் தாமதம் பற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 51140927-இல் காத்திருப்பு 4-இலிருந்து 4.5 ஆகியிருக்கிறது. சர்வரின் நிமிடத்துக்கு 15 வரம்பின் விளிம்பில் நின்றதால் என்று புரிந்துகொண்டேன். சரிதானா? வேறு ஏதாவது காரணம் இருந்ததா என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்.”

இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லிலேயே பதில் வந்துவிடும்.

கிடைத்த காரணத்தை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். வரியை விட்டுவைப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு கமென்ட்: ‘சர்வர் வரம்பு நிமிடத்துக்கு 15, அதனால் 4, விளிம்புக்கு அரை நொடி’. எடுப்பதாக இருந்தால் எடுக்கும் கமிட்டின் மெசேஜில், எந்தக் கமிட்டில் எதற்காக வந்தது, இப்போது ஏன் தேவையில்லை என்று எழுதிவிடுங்கள். அங்கே ஹாஷைக் குறிப்பிடும்போது எட்டு எழுத்தோடு நிறுத்த வேண்டாம். ரெப்போ வளர வளர அதே எட்டு எழுத்தில் இன்னொரு ஹாஷும் வந்துவிடலாம். லினக்ஸ் கெர்னலில் குறைந்தது 12 எழுத்து கேட்கிறார்கள், கூடவே அந்தக் கமிட்டின் தலைப்பையும்.